58-இல் ஓய்வூதியமா, 60 வரை பொறுப்பதா?

வணக்கம் ஐயா. தங்கள் தந்தையார் 91 வயது வரை வாழ்ந்ததால் தாங்களும் நெடுநாள் வாழக்கூடும் என்றெண்ணி, வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தை 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளிவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தள்ளிவைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு கூடும் என்பது உண்மையே. ஆனால் மாதம் 5,000 ரூபாய் என்று கொண்டால், 2 ஆண்டுகளில் 1,20,000 ரூபாயை விட்டுவிட்டு, பின்னர் மாதம் ஏறத்தாழ 400 ரூபாய்தான் கூடுதலாகப் பெறுவீர்கள். விட்டதை ஈடுகட்டவே 85 வயதை நெருங்கிவிடும். அகவிலைப்படியும் இல்லாத இந்த ஓய்வூதியத்தை, வேலையில் இருந்தாலும், இப்போதே வாங்கிச் சேமியுங்கள்.

என் கவலையெல்லாம் மருத்துவச் செலவைப் பற்றியது. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பணியோடு முடிந்துவிடும். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடோ வருமான வரம்பின்றி 70 வயதில்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளுக்குத் தனி மருத்துவக் காப்பீட்டை, காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம்) பணியிலிருக்கும்போதே கழியுமாறு, தாமதியாமல் எடுத்துவிடுங்கள்.