போரும் நவீனத்துவமும்: விடைத்தாளில் எங்கே சறுக்குகிறது?

கேள்வி: எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். முதல் உலகப் போர் ஆங்கில நவீனத்துவ இலக்கியத்தை எப்படி உருவாக்கியது என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதினாலும் 'மிகப் பொதுவாக இருக்கிறது' என்றே குறிப்பு வருகிறது. எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதல் வாக்கியத்தை. 'போர் நம்பிக்கைகளைச் சிதைத்தது, அதனால் இலக்கிய வடிவமும் சிதறியது' என்று தொடங்கினால் தேதிகளே உங்களை மறுத்துவிடும். கவிஞர் டி.எஸ். எலியட் 'புரூஃப்ராக்' கவிதையை எழுதியது 1910–11இல், அச்சேறியதுதான் 1915. நவீனத்துவர்களின் 'பிளாஸ்ட்' இதழ் வெளிவந்தது 1914 ஜூலைத் தொடக்கத்தில். பிரிட்டன் போரில் இறங்கியதோ ஆகஸ்ட் 4. ஆக, நவீனத்துவத்தின் அடையாளமான உடைந்த வடிவம் போருக்கு முன்பே கைவசம் இருந்தது. அந்த வடிவத்தில் மட்டுமே சொல்லக்கூடிய அனுபவத்தைக் கொண்டுவந்து கொட்டியது போர். இதை முதல் பத்தியில் நிறுவுங்கள்.

அடுத்து, போர், பிரதியின் (படைப்பின்) எந்த இடத்தில், எந்த உத்தியாக நிற்கிறது என்று காட்ட வேண்டும். பெரும்பாலான விடைகள் இங்கேதான் நழுவுகின்றன.

இதற்கு மிகச் சிறந்த இடம் வர்ஜீனியா வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927). முதல் பகுதியில் ஒரே ஒரு நாளின் சில மணி நேரம் நாவலில் பாதிக்கு மேல் விரிகிறது. நடுப்பகுதியில் பத்து ஆண்டுகள் சில பக்கங்களில் கடந்துவிடுகின்றன. பிரான்சில் குண்டு வெடித்து ராம்ஸே குடும்பத்து மகன் ஆண்ட்ரூ இறக்கும் செய்தி சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டே வாக்கியங்களில் வருகிறது. அவனையும் சேர்த்து இறந்தவர்கள் 'இருபதோ முப்பதோ' இளைஞர்கள். எண்ணிக்கைகூடத் துல்லியமாக இல்லை. சாவு நல்லவேளையாக உடனே நேர்ந்தது என்கிற ஆறுதல், அன்று போர்முனையிலிருந்து குடும்பங்களுக்கு வந்த கடிதங்களின் வாய்பாடு. அந்த அடைப்புக்குறி ஏன் என்று அரைப் பக்கம் எழுதினாலே உங்கள் விடை தனித்துத் தெரியும்.

வுல்ஃபின் இன்னொரு நாவலான 'மிஸஸ் டாலோவே' (1925) எடுத்தால், போரிலிருந்து திரும்பிய செப்டிமஸை 'ஷெல் ஷாக்' (போர் அதிர்ச்சியால் வரும் மனநோய்) நோயாளி என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவனும் நாயகி கிளாரிஸாவும் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. அவன் தற்கொலைச் செய்தி அவள் விருந்துக்கு வந்து சேர்கிறது. போரில் நொறுங்கியவனையும் அதைத் தாண்டி வந்துவிட்டதாக நினைக்கும் வர்க்கத்தையும் கதைநிகழ்வால் அல்லாமல் நனவோடையால் (பாத்திரங்களின் மன ஓட்டத்தை அப்படியே எழுதும் உத்தியால்) இணைக்கிறார் வுல்ஃப்.

கவிதைக்குப் போர்வீரக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் 'ஸ்ட்ரேஞ்ச் மீட்டிங்'. 'ஹால்' என்பதற்கு இயைபாக 'ஹெல்' வருகிறது: மெய்யொலிகள் ஒத்து, உயிரொலி மட்டும் மாறுகிறது. இயைபை எதிர்பார்த்த காது ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறது. ஆனால் ஓவனை நவீனத்துவர் என்று முத்திரை குத்த வேண்டாம். மரபு யாப்பை உள்ளிருந்தே திருகியவர் அவர். போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார்.

சமூக மாற்றம் குறித்து நீளமாக எழுத வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916இன் டப்ளின் ஈஸ்டர் கிளர்ச்சியும், பிரிட்டனில் 1918இல் முப்பது வயதைக் கடந்த பெண்களில் பலருக்குக் கிடைத்த வாக்குரிமையும் போதும். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' (1922) கவிதையின் மதுக்கடைக் காட்சியைச் சேர்க்கலாம்: லில்லின் கணவன் பட்டாளத்திலிருந்து திரும்புகிறான், ஐந்து பிள்ளை பெற்ற அவள் கருக்கலைப்பு மாத்திரையால் உடல் குலைந்திருக்கிறாள். போர் முடிந்த வீட்டின் நிலை அந்த அரட்டையில் இருக்கிறது.

மூன்று பக்க விடை என்றால் தேதிகளுக்கு ஒரு பத்தி, இரண்டு பிரதிகளுக்கு இரண்டு பக்கம், மீதி சமூகப் பின்னணிக்கு. ஐந்தாறு பிரதிகளைத் தொட்டால் மறுபடியும் 'பொதுவாக' ஆகிவிடும். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலைப் போர் நாவல் வரிசையில் சேர்க்காதீர்கள். ஜாய்ஸ் அதை 1914க்கும் 1921க்கும் இடையே எழுதினாலும், கதை நடப்பது 1904 ஜூன் 16. போர்க்காலம் முழுக்க, போருக்கு முந்தைய டப்ளினின் ஒரு நாளைத் தெருத் தெருவாக ஏன் கட்டிக்கொண்டிருந்தார் என்று கேட்பதானால் மட்டும் அதைக் கொண்டுவாருங்கள்.