பெட்டி கப்பல் ஏறியது, காசு எங்கே தங்கியது?

வணிகப் பக்கம்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: செல்போன் ஏற்றுமதி எகிறுகிறது என்று ஒரு செய்தி. "எல்லாம் வெளிநாட்டு உதிரிபாகம், இங்கே நடப்பது திருகாணி முறுக்கும் வேலை" என்று இன்னொரு பக்கம் கிண்டல். எதை நம்புவது?
(வாசகர், வாலாஜாபாத்)

பதில்: இரண்டு பேரும் ஒரே போனைத்தான் பார்க்கிறார்கள், வேறு வேறு தராசில் நிறுக்கிறார்கள். ஏற்றுமதிப் புள்ளிவிவரம் போனின் முழு விலையை எழுதிக்கொள்ளும். அதற்குள் இருக்கும் சிப்பும் திரையும் சில வாரம் முன்பு இறக்குமதியாக வந்தவை என்பது அந்த வரியில் தெரியாது.

பிரபலமான உதாரணம், 2009இல் சீனாவில் பாகங்களைக் கோத்துப் பூட்டிய ஐபோன் 3ஜி. உற்பத்திச் செலவு 178.96 டாலர். சீனாவில் பூட்டியதற்கான செலவு அதில் 6.50 டாலர் மட்டும். ஜப்பானும் கொரியாவும் ஜெர்மனியும் உதிரிபாகம் கொடுத்திருந்தாலும், அமெரிக்காவின் வர்த்தகக் கணக்கில் மொத்தத் தொகையும் சீனாவின் பெயரில்தான் ஏறியது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் உலக வர்த்தக அமைப்பும், பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியும் 2013இல், ஒவ்வொரு நாடும் சேர்த்த மதிப்பை மட்டும் எண்ணும் மதிப்புக்கூட்டு வர்த்தகக் கணக்கை வெளியிடத் தொடங்கின.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். போன் 100 ரூபாய்க்கு ஏற்றுமதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை நேரடியாக இறக்குமதி செய்தது 70. மீதி 30 நம்முடையது என்று முடித்துவிடக் கூடாது. உள்ளூரில் வாங்கிய சார்ஜர், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பாகம் 15 ரூபாய் என்றால், அவற்றைச் செய்தவர்களும் 6 ரூபாய்க்கு மூலப்பொருள் இறக்குமதி செய்திருப்பார்கள். ஆக, இங்கே தங்கியது 24. பலரும் கோட்டை விடுவது இந்த ஆறு ரூபாயில்தான்.

கிண்டல் செய்பவர்கள் மறப்பது ஒன்று: அந்த 6.50 டாலரிலேயே சீனா நிற்கவில்லை. 2018 வாக்கில் ஐபோன் எக்ஸின் உற்பத்திச் செலவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சீன நிறுவனங்களின் கைக்குப் போனது. திருகாணியில் தொடங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் ஊர்ப் பக்கமே எதிர்ப் பாடமும் இருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அடுத்த மாதமே, நோக்கியாவுக்கு வேலை செய்துகொடுத்த பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. ஒரே வாடிக்கையாளரை நம்பி உட்கார்ந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி அறும்போது அடுத்ததும் சேர்ந்து விழும். அதனால் 24 சதவீதமா 30 சதவீதமா என்பதோடு, இங்கே அச்சு வார்ப்பவரும் பேட்டரி செய்பவரும் நாளை இன்னொரு கம்பெனிக்கு விற்க முடியுமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: 24 மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறோம். எக்ஸ்போர்ட்டர் வெட்டிக் கொடுப்பதைத் தைத்து, செக்கிங் முடித்துக் கொடுக்கிறோம். பீஸ் ரேட் ஏறவே மாட்டேன் என்கிறது. நேரடி ஏற்றுமதியில் இறங்கலாமா?
(வாசகர், அவினாசி)

பதில்: பீஸ் ரேட் ஏறாததற்குக் காரணம் எக்ஸ்போர்ட்டரின் கல்நெஞ்சம் மட்டும் அல்ல. ஆடைத் தொழிலில் கடைக்காரர்தான் சங்கிலியின் தலை. விலையை அவர் முதலில் முடிவு செய்கிறார். லேபிள், ஜிப் எல்லாம் அவர் கைகாட்டும் இடத்தில்தான் வாங்க வேண்டும். நூல் விலை மில்லின் கையில், சாயக்கூலி பட்டறையின் கையில். பேரம் பேசிக் குறைக்க மிஞ்சுவது தையல் கூலி. அதைச் செய்ய ஊரில் ஆயிரம் யூனிட் இருக்கும்போது உங்கள் பிடி தளர்வாகத்தான் இருக்கும்.

உரிமம் வாங்குவதுதான் இதில் சுலபமான பகுதி. டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண், ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சிலான ஏஇபிசியின் உறுப்பினர் சான்று, வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடைச் சுங்கத்தில் பதிவது, வரி கட்டாமல் சரக்கு அனுப்ப ஜிஎஸ்டியில் எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதம். கடைசியதை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

கஷ்டம் கணக்கில் இருக்கிறது. 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) காட்டன் டி-ஷர்ட் 10,000 பீஸ் ஆர்டர் என்று எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, தையல், மடிப்புக்கு 10: மொத்தம் 102. அரை மார்பளவு 53, அதற்குக் கூடுதல் 4: 57. முன்பக்கம், பின்பக்கம் சேர்த்து 114. 102 × 114 × 180 ÷ 10,000 என்றால் பீஸுக்கு 209 கிராம். கட்டிங் கழிவு 10 சதவீதம் சேர்த்தால் 230. நிட்டிங், சாயம், துணியை அமுக்கிச் சுருக்கும் காம்பாக்டிங் ஆகியவற்றில் 8 சதவீதம் எடை போகும் என்று வைத்தால் வாங்க வேண்டிய நூல் 250 கிராம். கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி தனி. ஆக 2,500 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் நூலுக்கே ரூ.6.25 லட்சம்.

இந்தப் பணம் எப்போது திரும்பும்? ஆர்டர் கிடைத்துக் கப்பல் ஏற இரண்டரை மாதம். பையர் 90 நாள் கடன் கேட்டால் அது ஏற்றிய தேதியிலிருந்து. நூல் வாங்க முதல் இரண்டு வாரம் போனாலும் ஐந்து மாதம் பணம் முடங்கும். 12 சதவீத வட்டியில் நூலுக்கு மட்டும் ரூ.31,250, பீஸுக்கு மூன்று ரூபாய்க்கு மேல். சாயம், கூலி, பேக்கிங்கில் முடங்குவது இதற்கு மேல்.

வட்டி கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத ஓட்டை ஜிஎஸ்எம். நிட்டிங்கில் நூல் வளையத்தின் (லூப்) நீளம் குறைந்தாலோ காம்பாக்டிங்கில் அளவுக்கு மீறி அமுக்கினாலோ 180 என்பது 190 ஆகும். பையர் கூடுதலாக ஒரு பைசா தர மாட்டார்; உங்களுக்கு 139 கிலோ நூல், ஏறக்குறைய ரூ.35,000 நஷ்டம், அதாவது மேலே சொன்ன வட்டியைவிட அதிகம். குறைந்து 170 ஆனால் சரக்கே திரும்பும். முதல் ரோல் காம்பாக்டிங் முடிந்ததும் வட்டக் கட்டரால் வெட்டி எடை போட்டு, துவைத்துச் சுருக்கமும் பார்த்த பிறகே மீதிக்கு அனுமதி கொடுங்கள். சாயப்பட்டறையில் ஷேடு தவறி மறுபடி போட்டால் ஒரு வாரம் போகும். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் உங்கள் செலவில் அனுப்பு என்பார்கள். அந்த ஆர்டரின் லாபம் அதோடு சரி.

ஆகவே ஒரே தாவாகத் தாவ வேண்டாம். முதலில் இப்போதைய எக்ஸ்போர்ட்டரிடமே கட்டிங்கையும் கேட்டு வாங்குங்கள். துணிச் சேமிப்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பேரம் பேச இடமுண்டு. அடுத்து உள்நாட்டு பிராண்டு ஒன்றுக்கு நூலிலிருந்து பேக்கிங் வரை சிறிய ஆர்டர் செய்து பாருங்கள். ஏற்றுமதியில் முதல் பையருக்கு, அவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இசிஜிசி காப்பீடு எடுக்காமல் கடனுக்கு அனுப்பாதீர்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: உத்யம் பதிவு (அரசின் சிறுதொழில் பதிவு) எடுத்து அந்த எண்ணை பில்லில் அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால், வேலை வாங்கியவர் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவைத் தன் வருமான வரியில் கழிக்க முடியும். 43பி(எச்) என்று ஆடிட்டர்கள் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் இது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: பருத்தி நம்மிடம், நூல் மில் நம்மிடம். வங்கதேசம் எப்படி நம்மை முந்தியது? கூலி குறைவு என்பது மட்டும்தானா?
(வாசகி, ராஜபாளையம்)

பதில்: கூலி ஒரு காரணம், அவ்வளவுதான். கதை கோட்டாவில் தொடங்குகிறது. 1974 முதல் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக உச்சவரம்பு வைத்திருந்தன. தன் பங்கு நிரம்பிய கொரியாவின் டேவூ நிறுவனம், கோட்டா இடிக்காத இடம் தேடி வங்கதேசத்தின் தேஷ் கார்மென்ட்ஸுடன் கைகோத்தது. 1979இல் 130 பேர் பூசான் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் வெளியேறி வேறு ஆலைகளை உருவாக்கினார்கள். சங்கிலியில் சேர்வதால் கிடைக்கும் உண்மையான லாபம் இப்படிக் கைமாறும் தொழில்தான்.

இரண்டு ஏற்பாடுகள் அங்கே கைகொடுத்தன. ஏற்றுமதிக்கான மூலப்பொருளை வரியில்லாமல் வைக்கும் பாண்ட் கிடங்கு ஒன்று. பையர் திறந்த எல்சியை (பணத்துக்கு அவர் வங்கி தரும் உறுதிக் கடிதம்) காட்டி, துணி வாங்க இரண்டாவது எல்சி திறக்கும் வசதி மற்றொன்று. அவினாசி வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் மூலதனப் பிரச்சினையில் பெரும்பகுதி அங்கே வங்கியிலேயே தீர்ந்துவிடும். நாமோ 2021இல் பஞ்சு இறக்குமதிக்கு 11 சதவீதம் வரி போட்டோம், பிறகு 2022, 2025இல் சில மாதங்களுக்கு மட்டும் விலக்கினோம். இறக்குமதிப் பொருள்மீது போடும் வரி, அதைக் கொண்டு செய்யும் ஏற்றுமதியின் தலையில்தான் விடியும்.

அதோடு ஐரோப்பிய வரி. டி-ஷர்ட்டுக்குப் பொதுவாக 12 சதவீதம்; வங்கதேசத்துக்கு 2001 முதல் பூஜ்யம். 2011இல் விதி இன்னும் தளர்ந்து, வேறு நாட்டுத் துணியை வாங்கித் தைத்தாலும் சலுகை உண்டு என்றானது. அந்தச் சலுகைக்கு அடிப்படையான 'மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு' தகுதியிலிருந்து வெளியேற வங்கதேசத்துக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 நவம்பர் 24. ஐரோப்பா மேலும் மூன்றாண்டு அவகாசம் தருகிறது. நிட்டிங் துணியில் அவர்கள் நிற்பார்கள், நூலைப் பெருமளவு அங்கேயே நூற்கிறார்கள். வெளியிலிருந்து வரும் துணியை நம்பும் நெசவு ஆடைப் பக்கம்தான் சிரமம்.

கேள்வி: ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை போனபோது இலங்கை ஆடைத் தொழில் முடிந்தது என்றார்கள். முடியவில்லையே?
(வாசகர், வவுனியா)

பதில்: 2010 ஆகஸ்டில் போய் 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அடிபட்டவை அதிகமும் சிறிய ஆலைகள். பெரிய நிறுவனங்கள் அதற்கு முன்பே சாதாரண டி-ஷர்ட்டை விட்டு உள்ளாடை, விளையாட்டு ஆடை என்று நகர்ந்து, வடிவமைப்பையும் கையில் எடுத்திருந்தன. அத்தகைய சரக்கை வாங்குபவர் வரிக்காக மட்டும் ஆலை மாற்ற மாட்டார். சலுகை இருந்தபோதும் பல உருப்படிகளுக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்: துணியைப் பின்னுவது அல்லது நெய்வது, தைப்பது இரண்டும் நடந்திருக்க வேண்டும் என்பது விதி, துணியோ வெளியிலிருந்து வந்தது. உங்கள் ஆலை ஐரோப்பாவுக்கு அனுப்புவதானால், துணி எங்கே பின்னப்பட்டது என்ற ஆவணத்தை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு தேடினால், சலுகை இல்லாத வரியை இறக்குமதியாளர் உங்கள் பில்லில் கழித்துக்கொள்வார்.