எரியும் பாதத்துக்குக் கைச் சிகிச்சை உதவுமா?

கேள்வி: வயது 58. சர்க்கரை நோய் வந்து 14 வருடம். இரவில் உள்ளங்கால் எரிகிறது. பகலில் மரத்துக் கிடக்கிறது. செருப்பு கழன்றுபோனாலும் தெரிவதில்லை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கையாலேயே அழுத்திவிட்டு, மூட்டுகளை அசைத்துச் சரிசெய்யலாம் என்கிறார். போகலாமா? மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: போகலாம். ஆனால் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

நீண்ட காலம் சர்க்கரை கூடியிருந்தால் உடலிலேயே நீளமான நரம்புகள்தான் முதலில் கெடும். அதனால்தான் தொல்லை பாதத்தில் தொடங்குகிறது. கெட்ட நரம்பைக் கையால் பிடித்துவிட்டுச் சரிசெய்ய முடியாது. அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் எதற்குப் போவது? சர்க்கரை நோய் தசைநார்களையும் விறைக்க வைக்கிறது. கணுக்கால் சரியாக மடங்காததால், நடக்கும்போது பாரமெல்லாம் விரல்களுக்குப் பின்னால் உள்ள இடத்தில் விழுகிறது. காய்ப்பு, பிறகு புண் வருவது பெரும்பாலும் அங்கேதான். பழகிய கை அந்த விறைப்பைத் தளர்த்தும். சிலருக்கு வலியும் குறைந்து, தூக்கமும் வருகிறது. இதுவரை நடந்த ஆய்வுகள் சிறியவை. ஆகவே இதைத் துணைச் சிகிச்சையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குள்ள கவலை வேறு. சிகிச்சை தருபவர் "வலிச்சா சொல்லுங்க" என்பார். பாதம் மரத்திருப்பதால் அழுத்தும் வலி உங்களுக்குத் தெரியாதே! சூடான எண்ணெய் ஒத்தடம் எடுத்துக்கொண்டு வந்த ஒருவரின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரிய கொப்புளம். அவருக்குச் சூடே உறைக்கவில்லை. எனவே ஒத்தடம், வெந்நீர் எதுவும் வேண்டாம். மென்மையாக அழுத்தச் சொல்லுங்கள்.

போகும் முன் உங்கள் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பார். பாதத்தின் நாடித் துடிப்பையும் பார்ப்பார். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் இதே எரிச்சல் வரும், அதை ஈடுகட்ட மருந்து உண்டு. இரவு எரிச்சலுக்கு பிரிகாபலின், டுலாக்ஸிட்டின் போன்றவை இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்று அவர் முடிவு செய்யட்டும்.

புண், வெடிப்பு, ரத்த ஓட்டக் குறைவு இருந்தால் கைச் சிகிச்சை வேண்டாம். ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கன்றியிருந்தால் அடுத்த தடவை போக வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.