காலைத் தும்மலுக்குக் காரணம் பச்சைத் தண்ணீரா, தலையணையா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் பிளாட்டில் இருக்கிறோம். என் 9 வயது மகனுக்கு எட்டு மாதமாகக் காலையில் கண் விழித்ததும் பத்துப் பதினைந்து தும்மல். மூக்கு தண்ணீராக ஒழுகும், காய்ச்சல் இல்லை. சில நாள் இரவில் இருமுகிறான். கிளினிக்கில் கொடுத்த ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை மூன்று நாள் அடித்தும் கேட்கவில்லை. பார்மசியில் வாங்கிய சொட்டு மருந்துதான் அடைப்பை உடனே திறக்கிறது. ஒரு மாதமாக அதுதான் போடுகிறேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பதும் ஐஸ் மைலோவும்தான் காரணம் என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: சாதாரணச் சளி என்றால் பத்து நாளில் அடங்கியிருக்கும். காய்ச்சல் இல்லாமல், கொத்துத் தும்மலாக, படுக்கையை விட்டு எழும் நேரத்தில் வருவதைப் பார்த்தால் இது ஒவ்வாமை மூக்கழற்சி (அலர்ஜியால் மூக்கின் உட்புறம் வீங்குவது) போலத்தான் இருக்கிறது. உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்க்கிறானா, மூக்கின் குறுக்கே மெல்லிய கோடு விழுந்திருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பச்சைத் தண்ணீர் ஒவ்வாமையை உண்டாக்காது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்கைக் குளிர்ச்சி கொஞ்சம் சீண்டும், அவ்வளவுதான். மைலோவைப் பிடுங்க வேண்டாம். சர்க்கரைக்காகக் குறைத்தால் அது வேறு கணக்கு.

நம் ஊரில் முதல் சந்தேகம் தூசிச் சிற்றுண்ணி மேல்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த உயிர் நம் தோல் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும் வாழ்கிறது. கோலாலம்பூரின் ஈரக்காற்று அதற்கு வருடம் முழுக்க விருந்து. மூக்கைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் அதன் எச்சம். பழைய இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். தலையணை உறை, விரிப்பு, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வீட்டு மெஷின் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரிலேயே ஓடும். எச்சம் ஓரளவு போகும், சிற்றுண்ணி சாகாது. டோபி கடையில் வெந்நீர்த் துவைப்பைத் தேர்ந்தெடுத்து, சூடான டிரையரிலும் போட்டு எடுங்கள். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் ஒவ்வாமைப் பொருள் அல்ல. ஆனால் புகை எரிச்சலைக் கூட்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை அவன் பள்ளியில் இருக்கும்போது போட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள்.

இப்போது ஸ்பிரே. அது வலி மாத்திரை போல உடனே கேட்கும் மருந்து அல்ல. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்று நாளில் நிறுத்தினால் தொடங்கவே இல்லை என்று அர்த்தம். அடிக்கும் விதமும் முக்கியம். முதலில் மூக்கைச் சிந்தச் சொல்லுங்கள். குப்பியைக் குலுக்குங்கள். தலை சற்றுக் குனிந்திருக்கட்டும். இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய வேண்டும். நடுச்சுவரில் நேராக அடித்தால் புண்ணாகி ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சக் கூடாது; உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்கில் தங்காது. ஸ்பிரேயில் இருக்கும் மருந்து மொமெட்டசோன் என்றால் இந்த வயதுக்குத் துளைக்கு ஒரு தடவை, நாளுக்கு ஒரு வேளை. வேறு மருந்தானால் கிளினிக் எழுதிய அளவே.

சொட்டு மருந்தில் எனக்குக் கொஞ்சம் கோபம். ஆக்ஸிமெட்டசோலின் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறப்பவை. ஐந்து நாளுக்கு மேல் போனால், மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னைவிட வீங்கும்; அந்த அடைப்பைத் திறக்க மறுபடி சொட்டு. உங்கள் மகன் இந்தச் சுழலில் இருக்கக்கூடும். ஸ்பிரேயை இரு துளையிலும் தொடங்குங்கள். சொட்டை முதலில் ஒரு துளையில் மட்டும் நிறுத்தி, அது திறந்த பிறகு மற்றதில் நிறுத்துங்கள். நடுவில் சில இரவுகள் சிரமமாகத்தான் இருக்கும். மூக்கைக் கழுவ உப்புநீர் கைகொடுக்கும்: கொதித்து ஆறிய ஒரு கப் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு.

இரவு இருமலை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். மூக்கொழுகல் தொண்டைக்கு இறங்கியும் இருமல் வரும், ஆஸ்துமாவாகவும் இருக்கலாம். வாரத்தில் எத்தனை இரவு இருமினான், ஓடினால் மூச்சு இழைக்கிறதா என்று எழுதி வைத்து, இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். சொட்டு மருந்துக் குப்பியையும் கொண்டு போங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு (API) 100-ஐத் தாண்டினால் திடல் விளையாட்டு வேண்டாம். மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காலைவரை காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.