வேர்ச்செடிக்கு யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், கரைத்து ஊற்றுங்கள்

கேள்வி: செங்குன்றம் பக்கம் சின்ன நர்சரி வைத்திருக்கிறேன். சாத்துக்குடி ஒட்டுக் கட்ட ரங்பூர் லைம் (ஒட்டுக்கு அடியில் வேர்ச்செடியாக வைக்கும் எலுமிச்சை வகை) விதை போட்டு, நாற்றைப் பையில் மாற்றி நாலு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு சாண் உயரம்கூட வரவில்லை. பைக்குக் கால் டீஸ்பூன் யூரியா இரண்டு தடவை போட்டேன். முதலில் பச்சை கட்டியது, பிறகு இலை நுனி கருகியது. இப்போது தளிர் மஞ்சளாக வருகிறது. போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறேன். டிஏபி உரம் போடலாமா?

பதில்: டிஏபி வேண்டாம். உங்கள் செடி ஒரே நாளில் அளவுக்கு மேல் தின்று, அதன்பிறகு பட்டினி கிடக்கிறது.

கணக்குப் பாருங்கள். கால் டீஸ்பூன் யூரியா சுமார் 1 கிராம். அதில் 460 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்). இந்த வயதுச் செடிக்கு வாரம் சுமார் 20 மில்லிகிராம் கொடுத்தால் போதும். ஆக, ஒரே வேளையில் 23 வாரத்துத் தீனி. உப்புத் தண்ணீர் பாய்ந்து காரத்தன்மை ஏறிய மண்ணில் யூரியா உடைந்தால் அம்மோனியா கிளம்பி வேர் நுனியைச் சுட்டுவிடும். மிச்சச் சத்து அடுத்த சில பாசனத்தில் பையின் ஓட்டை வழியே ஓடிவிடும். டிஏபியும் அம்மோனியா விடும். கூடவே அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சினால் துத்தநாகமும் இரும்பும் செடிக்கு எட்டாமல் போகும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 700க்கு மேல் காட்டினால் மழைநீரையோ மெட்ரோ வாட்டரையோ பாதிக்குப் பாதி கலந்து பாய்ச்சுங்கள். எலுமிச்சை இனம் உப்பைத் தாங்காது. முதல் வேலையாக, பையின் அடியிலிருந்து தண்ணீர் நன்றாக வழியும்வரை நல்ல தண்ணீரை இரண்டு முறை விட்டுக் கழுவுங்கள். ஒரு வாரம் எந்த உரமும் வேண்டாம்.

அதன்பிறகு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள) கரையும் உரம், லிட்டருக்கு 1 கிராம், பைக்கு 100 மில்லி, வாரம் ஒரு முறை. 1,000 பைக்கு 100 லிட்டர் தண்ணீரும் 100 கிராம் உரமும்தான் ஆகும். ஒரு வாரம் இது, மறுவாரம் அம்மோனியம் சல்பேட் அதே அளவில் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். காரத்தண்ணீர் பாயும் மண்ணின் காரத்தை அது மெல்ல இறக்கும். காய்ந்த பையில் ஊற்றக் கூடாது. காலையில் தண்ணீர் விட்டு, மண் ஈரமானபின் ஊற்றுங்கள். செடி ஒரு முழம் தாண்டியதும் 19:19:19ஐ லிட்டருக்கு 2 கிராமாக்கலாம். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் கழுவுவதை விடாதீர்கள். ஐப்பசி மழையில் சத்து கரைந்து ஓடும். மழை விட்டு, பையில் நீர் வடிந்தபின் உரம் கொடுங்கள்.

தளிர் மஞ்சளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரிந்து மற்ற இடம் வெளுத்திருந்தால் இரும்புக் குறை. இலை சிறுத்து, குறுகி, நரம்புகளுக்கு இடையே மஞ்சள் திட்டு இருந்தால் துத்தநாகக் குறை. முதிர்ந்த இலை முழுக்க வெளிறினால்தான் தழைச்சத்துக் குறை. உங்களுடையது பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று.

இரும்புக் குறைக்குக் கடையில் இடிடிஏ என்ற வகை இரும்பைக் கொடுப்பார்கள். காரமண்ணில் அது நிற்காது. இடிடிஹெச்ஏ இரும்பு என்று கேட்டு வாங்குங்கள், கரைத்தால் அடர் சிவப்பாக இருக்கும். லிட்டருக்கு அரை கிராம், பைக்கு 100 மில்லி. துத்தநாகத்துக்கு லிட்டருக்கு ஜிங்க் சல்பேட் 3 கிராம், நீர்த்த சுண்ணாம்பு ஒன்றரை கிராம். துணியில் வடிகட்டி, தளிர் முக்கால்வாசி விரிந்த நேரத்தில் மாலையில் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளந்தளிர் கருகும்.

பத்து, பதினைந்து செடி மட்டும் மற்றவற்றைவிட இலை வேறாக, குட்டையாக நிற்கிறதா? உரத்தால் அவை தேறாது, ஒட்டுக்கும் ஆகாது. இப்போதே கழித்துவிடுங்கள். நடும்போது ஆணிவேர் மடங்கிய செடிகளும் அப்படித்தான்.

தழைச்சத்து கூடினால் தளிர் குவியும். தளிர் குவிந்தால் இலைச் சுரங்கப் பூச்சி வந்து வெள்ளைக் கோடு போடும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலுடன் கலந்து தளிர் வரும்போதே அடியுங்கள்.

தண்டு மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பென்சில் தடிமன் வந்ததும் சாத்துக்குடி மொட்டை வைத்து ஒட்டுக் கட்டலாம். அதற்கு இரண்டு வாரம் முன் ஒரு தடவை உரம் கொடுத்தால் பட்டை சுலபமாகப் பிரியும். கத்தியால் கீறிப் பட்டை பிரியவில்லை என்றால் அன்று கட்டாதீர்கள். தண்ணீர் விட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கீறிப் பாருங்கள்.