கணினி கேள்வி பதில்: லாக் அவுட் செய்தால் சர்வீஸ் ஏன் நிற்கிறது?

கேள்வி: என் குறிப்புகளை இன்னொரு கணினிக்கு நகலெடுக்கும் சின்ன ஸ்க்ரிப்டை லினக்ஸில் யூசர் சர்வீஸாக ஓட்டுகிறேன். லாக் அவுட் செய்ததும் நின்றுவிடுகிறது. ‘நோஹப் (லாக் அவுட்டுக்குப் பிறகும் ப்ரோக்ராமை ஓடவிடும் கட்டளை) போட்டு ஓட்டு’ என்கிறார் நண்பர். சரியா?

பதில்: நோஹப் சில கணினிகளில் பலிக்கும், சிலவற்றில் பலிக்காது. லாக் அவுட் செய்தவரின் மிச்சசொச்ச ப்ராசஸ்களையும் கொல்வதை 2016-ல் வந்த சிஸ்டம்டி 230 இயல்பாக்கியது (லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பி நிறுத்தும் மேலாளர்தான் சிஸ்டம்டி). பெரிய கூச்சல் எழுந்தது. டெபியன் அதை அணைத்து வைத்தது. ஆக, நீங்கள் வைத்திருக்கும் லினக்ஸ் வகை (விநியோகம்) எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

நடப்பது இதுதான். நீங்கள் முதலில் லாகின் செய்யும்போது உங்களுக்கென்று தனியாக ஒரு சிஸ்டம்டி கிளம்புகிறது. உங்கள் யூசர் சர்வீஸ்கள் எல்லாம் அதன் பிள்ளைகள். உங்களுடைய கடைசி செஷன் மூடி, இயல்பாக 10 விநாடி கழிந்ததும் அது கடையைக் கட்டும், பிள்ளைகளும் போகும். எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து லாகின் செய்யும் வழி) வழியாக இன்னொரு செஷன் திறந்திருந்தால் மட்டும் தப்பிக்கும். ‘சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்கவில்லை’ என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உங்களுக்குத் தேவை லிங்கர். ‘லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்’ என்று ஒரு தடவை அடித்தால் போதும். கணினி பூட் ஆகும்போதே உங்கள் சிஸ்டம்டி எழுந்துவிடும், லாக் அவுட்டுக்குப் பிறகும் இருக்கும். என் மடிக்கணினியிலும் போட்டிருக்கிறேன், பேக்கப் எடுக்கும் டைமருக்காக மட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: லாகின் செய்யும்போதுதான் உங்கள் ஹோம் ஃபோல்டரின் என்க்ரிப்ஷன் திறக்கும் என்றால், பூட் நேரத்தில் அதற்குள் இருக்கும் சர்வீஸ் ஃபைலை யாரும் படிக்க முடியாது.

கேள்வி: க்ளிப்போர்டு மேனேஜரை யூசர் சர்வீஸாக வைத்திருக்கிறேன். லாகின் ஆனதும் ‘டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை’ என்று விழுகிறது. கையால் கிளப்பினால் ஓடுகிறது. தொடக்கத்தில் 10 விநாடி ஸ்லீப் சேர்க்கலாமா?

பதில்: ஸ்லீப் வைத்தியம் எனக்கு ஆகாது. இன்று ஓடும், கணினி திணறும் நாளில் விழும்.

உங்கள் ஃபைலின் கடைசியில் ‘வான்டட்பை=டிஃபால்ட்.டார்கெட்’ என்று இருக்கும். இணையத்து மாதிரிகள் பலவற்றில் அப்படித்தான். டார்கெட் என்பது சர்வீஸ்கள் சேர்ந்து கிளம்பும் ஒரு கட்டத்தின் பெயர். அந்த டார்கெட் டெஸ்க்டாப்புக்குக் காத்திருப்பதில்லை. திரை எங்கே என்று சொல்லும் வேலேண்ட்-டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) அதற்குள் உங்கள் சிஸ்டம்டிக்கு வந்து சேர்ந்திருக்காது. கையால் கிளப்பும் நேரத்தில் வந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அங்கே ‘கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட்’ என்று மாற்றுங்கள். யூனிட் பகுதியில் ஆஃப்டர், பார்ட்ஆஃப் இரண்டிலும் அதே பெயரைக் கொடுங்கள். பார்ட்ஆஃப் இருந்தால், டெஸ்க்டாப் மூடும்போது மேனேஜரும் மரியாதையாக நிற்கும். லிங்கர் போட்டவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் திரை போன பிறகும் சர்வீஸ் அந்தரத்தில் தொங்கும்.

எடிட் செய்வதற்கு முன்னால் டிஸேபிள் செய்யுங்கள், சேமித்த பின் டீமன்-ரீலோட் (மாற்றிய ஃபைலை சிஸ்டம்டி மறுபடி படிக்க), அப்புறம் எனேபிள். டிஸேபிள் செய்யாமல் விட்டால் பழைய டார்கெட்டில் இருந்த சிம்லிங்க் (இந்த ஃபைலைச் சுட்டும் இணைப்பு) அப்படியே கிடந்து, சர்வீஸ் மறுபடி முந்திக்கொண்டு கிளம்பும். க்னோமும் கேடிஇயும் இந்த டார்கெட்டைத் தாங்களே எழுப்பும். சின்ன விண்டோ மேனேஜர் வைத்திருப்பவர்கள் அதையும் தாங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கலாம்.

கேள்வி: ஃபைல்களை இண்டெக்ஸ் செய்யும் சர்வீஸை கில் செய்தாலும் திரும்ப வருகிறது. டிஸேபிள் செய்தும் பயனில்லை.

பதில்: டிஸேபிள் என்றால் ‘தானாகத் தொடங்காதே’ என்றுதான் பொருள். வேறொரு ப்ரோக்ராம் டி-பஸ் (ப்ரோக்ராம்கள் தங்களுக்குள் பேசும் பாதை) வழியே கூப்பிட்டால் வந்து நிற்கும். ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க்’ போட்டால் யார் கூப்பிட்டாலும் வராது. ஆனால் ஃபைல் மேனேஜரின் தேடலும் கூடவே முடங்கலாம். பெரிய ஃபோல்டர்களை மட்டும் செட்டிங்ஸில் விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

கேள்வி: ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர்’ கட்டளைக்கு முன்னால் சூடோ போட்டும் ‘பஸ்ஸுடன் இணைய முடியவில்லை’ என்கிறதே?

பதில்: சூடோ போட்டதால்தான். ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) மாறிக்கொண்டு உங்கள் சர்வீஸைத் தேடுகிறீர்கள். அதை எடுத்துவிட்டு அடியுங்கள். இன்னொரு பயனரின் சர்வீஸ் என்றால், எஸ்எஸ்ஹெச் வழியே அவர் பெயரில் உள்ளே வாருங்கள். சூ போட்டு மாறுவது போதாது, அவருக்கென்று புது செஷன் உருவாகாது.