பல் இடுக்கைச் சுத்தம் செய்ய எந்த ஃப்ளாஸ் வாங்குவது?

ஃப்ளாஸ் என்கிற பல் இடுக்கு நூலில் மெழுகு பூசியது, பூசாதது, டேப் (தட்டையான நூல்), குச்சியில் கட்டியது என்று இத்தனை வகை இருக்கிறதே, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அழுக்கை எடுப்பதில் மெழுகு நூலுக்கும் வெறும் நூலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. உங்கள் பல் இடுக்கில் எது சிரமமில்லாமல் போய் வருகிறது என்பதுதான் விஷயம்.

நான் மெழுகு பூசாத நைலான் நூலில் ஆரம்பித்தேன். வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் மட்டும் பிரிபிரியாகக் கிழியும், துணுக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க இன்னொரு நூல், அதுவும் மாட்டும்! நூலைத் திட்டிக்கொண்டே நான்கு பிராண்டு மாற்றினேன். அப்புறம்தான் பல் மருத்துவர் பார்த்துவிட்டு, முன்பு சொத்தையை அடைத்த இடத்தில் ஓரம் துருத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதைத் தேய்த்துச் சமப்படுத்தியதும் பழைய நூலே வழுக்கிக்கொண்டு போனது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிழிந்தால் நூலை மாற்றாமல் பல்லைக் காட்டுங்கள். புதிய சொத்தையோ, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையோகூட இருக்கலாம்.

எல்லாப் பற்களுமே நெருக்கமா? மெழுகு பூசிய நூலை எடுங்கள். அதுவும் நுழையாவிட்டால் பி.டி.எஃப்.இ. டேப். இது ஒட்டாத தவாவில் பூசும் அதே பொருள். பிரியாது, நன்றாக வழுக்கும். அந்தப் பொருளே வேண்டாம் என்பவர்களும் உண்டு, அவர்களுக்கு மெழுகு நைலான் போதும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் நூல் பட்டும் படாமலும் போய்விடும். அங்கே பல் இடுக்குக்கான குட்டி பிரஷ்தான் சரி. லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும், திணிக்கக் கூடாது. ஒரே வாய்க்கு இரண்டு அளவு தேவைப்படலாம். பல்லில் கிளிப்போ, பிரிட்ஜோ (விழுந்த பல்லுக்குப் பதிலாகப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பொருத்தும் செயற்கைப் பல்) இருந்தால், ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு போலவும் இருக்கும் நூல் கிடைக்கிறது; ஊசியில் கோப்பது போல அடியில் விட்டு இழுக்கலாம்.

குச்சி வகையை நான் பயணத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அதே துண்டு நூல்தான் எல்லா இடுக்குக்கும் போகிறது, பல்லைச் சுற்றி வளைக்கவும் வராது. 45 செ.மீ. நூல் எடுத்து விரலில் சுற்றிக்கொண்டால் ஒவ்வொரு இடுக்குக்கும் புதுப் பகுதி கிடைக்கும். ஆனால் கைவிரல் ஒத்துழைக்காதவர்களுக்குக் குச்சியே மேல்.

முதல் சில நாட்கள் ரத்தம் வந்தால் நூல் கூர்மை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் ஈறு வீங்கியிருப்பதுதான் காரணம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.